சலூன் சபாநாயகர்

“கத்தி கழுத்துக்கு வந்துருச்சு. சபை அமைதி!”

கொட்டகலைக் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்த ஒருவர் இப்படிச் சொல்வார். சொன்ன மாத்திரத்தில், உள்ளே எவ்வளவு பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தாலும் எல்லா வாயும் மூடிக்கொள்ளும். நாற்காலியில் அண்ணாந்து கிடப்பவனின் தொண்டையில் சவரக் கத்தி நடக்கிற நேரத்தில் யாரும் பேசக் கூடாது. இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். கத்தியை எடுத்துத் தோல்வாரில் சரக் சரக்கென்று அவர் தீட்டத் தொடங்கினால் மறுபடி பேசலாம். முகத்தில் பாதி நுரையோடு இருப்பவனும் அப்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம்.

கடைப் பலகையில் அவர் பெயர் எழுதியிருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் சபாநாயகர். நான் மட்டும் அண்ணே என்பேன்.

நான் படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து, பிறகு லொறி கழுவி, பிறகு லொறி ஓட்டி மேலே வந்தவன். இன்றைக்கு நுவரெலியாவில் என் பெயர் எழுதிய லொறிகள் மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குகின்றன. பேங்க் மனேஜர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி காட்டுகிறார். யாரும் தூக்கிவிட்டு நான் ஏறவில்லை என்று எந்தச் சபையிலும் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இந்தச் சலூன்காரரை நினைத்தால் அந்தப் பேச்சைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு சட்டமும் வந்தது. தோட்டத்து ஆட்களுக்குப் பிரசாவுரிமை இல்லை, அதனால் ஓட்டும் இல்லை என்றாகிவிட்டது. எங்கள் அப்பன் பாட்டன் இந்த மலையில் புதைந்திருந்தாலும் சரி, நீ விண்ணப்பம் போடு, விசாரணைக்கு வா, பிறகு பார்ப்போம் என்றார்கள். தேர்தல் வந்தால் நாங்கள் ரோட்டோரம் நின்று கொடி போகிறதைப் பார்ப்போம். அந்தக் காலத்தில்தான் இந்த மனிதர் தன் கடைக்குள்ளே ஒரு பாராளுமன்றம் வைத்தார்.

கடை ஒடுக்கமானது. நடுவில் சவர நாற்காலி. இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு பெஞ்சு. கண்ணாடியைப் பார்த்து நின்றால் வலது பக்கத்துப் பெஞ்சு அரசாங்கம், இடது பக்கத்துப் பெஞ்சு எதிர்க்கட்சி. உள்ளே வருகிறவன் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டும். உட்கார்ந்த பெஞ்சு எதுவோ அதன் பக்கம்தான் பேச வேண்டும். அவனுடைய சொந்த எண்ணம் எதுவாக இருந்தாலும் அதைச் செருப்போடு வெளியே விட்டுவிட வேண்டும். கொழும்புப் பேப்பர் ரயிலில் வந்ததும் ஒரு சங்கதியை உரக்க வாசிப்பார். வாதம் நடக்கும். கடைசியில் கை தூக்கி ஓட்டு. ஊரில் எங்களுக்கு இல்லாத ஓட்டு அந்தக் கடையில் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் மயிர் இல்லாதவனும் முடி வெட்ட வருவான்.

இன்னொரு சட்டமும் உண்டு. “எந்த ஊர்ப் பேச்சோ அந்த ஊர்க்காரனா நின்னு பேசணும். வேலிக்கு வெளிய நின்னு எட்டிப் பாத்துப் பேசுறதா இருந்தா, அந்தா டீக்கடை இருக்கு, அங்க போய்ப் பேசு” என்பார். ரசியாவைப் பற்றி என்றால் ரசியாக்காரனாக, இந்தியாவைப் பற்றி என்றால் இந்தியாக்காரனாக.

அவர் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை. இருபது பேர் கை தூக்கினாலும் அவர் கை சீப்பையும் கத்தரிக்கோலையும் விட்டு மேலே வராது. ஓட்டு சமமாகிவிட்டால், “சபை ஒத்திவைக்கப்படுது. அடுத்த ஞாயித்துக்கிழமை” என்று துண்டை உதறுவார்.

ஒரு தடவை தோட்டத்தில் வேலைநிறுத்தம். இரண்டு சங்கத் தலைவர்களும் தோட்டத் துரையோடு பேசப் போகிற அன்று காலையில் ஒருவர் பின் ஒருவராகச் சவரத்துக்கு வந்துவிட்டார்கள். இருவருமே, “நீ யாரு பக்கம்னு இன்னைக்குச் சொல்லிப்புடணும்” என்று பிடித்துக்கொண்டார்கள்.

“தாடி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த வேலைநிறுத்தம் தோற்று, சில குடும்பங்கள் லயத்து வீட்டைக் காலி செய்து போக வேண்டி வந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. யாரோ கல்லை விட்டெறிந்து அவர் கண்ணாடியை உடைத்தார்கள். கீறல் விழுந்த அதே கண்ணாடியை வைத்துக்கொண்டே தொழிலை நடத்தினார். “இப்பிடி எந்தப் பக்கமும் சாயாத மனுசன் மனுசனே இல்ல” என்று நானே அவர் காதுபடச் சொல்லியிருக்கிறேன். அவர் என் பிடரியை மழித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பெண் பார்த்த சமயமும் அப்படித்தான். பெண்ணைப் பார்த்துவிட்டு நேரே சலூனுக்குப் போய், “அண்ணே, கட்டலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லுங்க” என்றேன்.

“கட்டலாம்னு நீ பேசு. வேணாம்னு நானா பேசட்டும்” என்றார்.

நானா என்பது எதிரே புடவைக்கடை வைத்திருந்தவர். எந்தப் பக்கம் உட்கார வைத்தாலும் வெளுத்து வாங்குவார். அன்றைக்கு என் பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்து, பெண் குட்டை, குரல் பெரிது, மாமனாருக்கு வாய் நீளம் என்று அடுக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நானா, எம் பொண்டாட்டியப் பத்தி இன்னொரு வார்த்த பேசுனீங்க, மரியாத கெட்டுரும்!”

சபாநாயகர் தண்ணீர்க் கிண்ணத்தைச் சீப்பால் தட்டினார். “பொண்டாட்டின்னுட்டான். இதுக்கு ஓட்டெடுக்க வேண்டியதில்ல. அடுத்த ஆள் வாங்க.”

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தச் சண்டை விமானச் சங்கதி வந்து சேர்ந்தது.

சீமையில், அதாவது இங்கிலாந்தில், புதிதாக ஒரு ஜெட் சண்டை விமானம் செய்துகொண்டிருந்தார்களாம். ஆரம்பத்தில் சொன்ன செலவு ஒன்று, போகப் போக ஆகிற செலவு வேறு. தொடர்ந்து செய்வதா, இத்தோடு நிறுத்துவதா என்று அந்த ஊர்ப் பாராளுமன்றத்தில் ஒரே அடிபிடி. பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். சபாநாயகர் வாசித்து முடித்து, “அங்க முடியிற வரைக்கும் இங்கயும் முடியாது” என்றார். அங்கே முடியவில்லை. ஆகவே நாங்களும் ஞாயிறுக்கு ஞாயிறு அதே விமானத்தைப் பிடித்துத் தொங்கினோம். ஒரு வாரம் நான் செய்ய வேண்டும் என்று பேசுவேன், மறு வாரம் வேண்டாம் என்று பேசுவேன். இரண்டிலும் கைதட்டு எனக்குத்தான் அதிகம், சந்தேகமிருந்தால் அந்தக் காலத்து ஆட்கள் யாரையும் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை நான் நுழைந்தபோது எதிர்க்கட்சிப் பெஞ்சில்தான் இடம் இருந்தது. எதிரே அரசாங்கத்துப் பெஞ்சில் நானா. சவர நாற்காலியில் புது முகம் ஒன்று நுரையோடு சாய்ந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த கிளாக்கர்.

நானா எழுந்தார். “மதிப்புக்குரிய சபாநாயகர் அவர்களே! பாதி வீடு கட்டியாச்சு. கூரை போடாம வுட்டுட்டுப் போனா மழை என்ன பாதியாவா பெய்யும்? செலவழிச்ச அவ்வளவும் தண்ணியில போன மாதிரிதானே?”

“கூரை போட்டுப் போட்டு வீட்டுக்காரன் கோவணத்தையும் வித்துப்புட்டான் நானா!” என்றேன் நான்.

“சபையில கோவணம் வேணாம்” என்றார் சபாநாயகர்.

“சரி, வாபஸ். ஆனா கேளுங்க. யுத்தத்துல குண்டு விழுந்து நம்ம இங்கிலாந்துல சனம் வீடில்லாம கெடக்கு. இந்த ஒரு விமானத்து செலவுல நம்ம இங்கிலாந்துல எத்தன லயம் கட்டலாம்? எத்தன புள்ளைக்குப் பால்மா குடுக்கலாம்?”

“அதச் செய்யிற பெக்டரியில வேல பாக்குறவன நெனச்சீங்களா?” என்று நானா விடவில்லை. “நாளைக்கிப் பேர் இல்லைன்னு கேட்டப் பூட்டுனா, அவன் புள்ள குட்டிய இழுத்துக்கிட்டு எங்க போவான்?”

வேலை இல்லை என்று கேட்டைப் பூட்டுவது எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இரண்டு பெஞ்சும் கொஞ்சம் அடங்கிப் போயிற்று. நான் தோற்கிற ஜாதி இல்லை.

“அவனுக்கு வேற வேல குடு! லொறி செய்யச் சொல்லு. அவன் செய்யிற மொத லொறிய நானே வாங்குறேன். விமானத்த நாம ஒண்ணு செஞ்சா எதிரி ரெண்டு செய்வான், நாம மூணு செய்வோம். கடைசில ரெண்டு நாட்டுக்காரனும் பட்டினியா மேல பறந்துக்கிட்டிருப்பான். நான் சொல்றேன், இது நான் பொறந்த மண்ணு! என் தாய்நாடு இங்கிலாந்து! அத இப்பிடி அழிய விடமாட்டேன்!”

நெஞ்சில் அறைந்துகொண்டேன். கடை அதிர்ந்தது. கிளாக்கர் கண்ணாடிக்குள்ளே என்னை உற்றுப் பார்த்தார். என் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்து அவருக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

சில மாதம் கழித்து என் பிரசாவுரிமை விண்ணப்பத்துக்கு விசாரணை என்று நுவரெலியா அரசாங்கக் கச்சேரியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வருடக்கணக்கில் காத்திருந்த நோட்டீஸ். நானாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது அவர் குரல் பாதியில் நின்றுவிட்டது. என் பேரில் ஆட்சேபம் வந்திருக்கிறது. விண்ணப்பக்காரர் பலர் முன்னிலையில், தான் பிறந்த தாய்நாடு இங்கிலாந்து என்று சத்தமிட்டுச் சொன்னாராம். சாட்சி, அந்தக் கிளாக்கர். பாவம், அவர் காதால் கேட்டதைத்தான் எழுதியிருந்தார். பெஞ்சுச் சட்டம் அவருக்கு எங்கே தெரியும்?

இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது நான் ஓட்டியது இன்னொருவர் லொறி. சொந்தமாக ஒன்று எடுக்கப் பேசி வைத்திருந்தேன். பிரசாவுரிமை இல்லாதவன் பேரில் ரோட்டுப் பெர்மிட் தரமாட்டோம் என்று கந்தோர் அதிகாரிகள் கையை விரித்திருந்தார்கள். அதைவிடப் பெரிய பயம், விண்ணப்பம் தள்ளுபடியானால் நாளைக்கு அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போ என்று கப்பலில் ஏற்றிவிடுவார்களோ என்பது. வீட்டில் கைக்குழந்தை. அக்கரையில் எனக்கு ஒரு கதவும் தெரியாது.

சபாநாயகரிடம் ஓடினேன். “அண்ணே, நீங்க வந்து சொன்னாத்தான் நம்புவாங்க. கடை ஒங்களோடது.”

தோல்வாரில் கத்தி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. “வந்தா ஒரு விதம் இருக்கு தம்பி. வராட்டியும் ஒரு விதம் இருக்கு...”

“இதுலயுமா ரெண்டு பெஞ்சு?” என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அவர் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர். வருடா வருடம் அனுமதி புதுப்பித்துத்தான் கடை நடத்தினார். அதிகாரி ஒருவர் முகம் சுளித்தால் அடுத்த வருடம் கடை இருக்காது. ஆனாலும் என் வயிற்றெரிச்சலில் அதையெல்லாம் நினைக்கவில்லை.

விசாரணை நாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது, முழுக்கோட்டு போட்டுத் தலையைப் படியச் சீவிக்கொண்டு அவர் எனக்கு முன்பே நின்றிருந்தார். டிக்கட் எடுக்கும்போது, “நுவரெலியா ரெண்டு” என்றதைத் தவிர வழியெல்லாம் ஒரு பேச்சு இல்லை.

விசாரணை செய்தவர் சிங்களவர், வயதானவர், மூக்கில் கண்ணாடி. பேச்செல்லாம் சிங்களத்தில்தான். எனக்கு லொறிச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, சபாநாயகருக்கும் வரும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“நீ இந்தியாவா இலங்கையான்னு கேக்கத்தான் நான் வந்தேன்” என்றார் அதிகாரி. “நீ இங்கிலாந்துங்குறியாமே?”

சபாநாயகர்தான் முன்னே வந்தார். இரண்டு பெஞ்சைப் பற்றி, விமானத்தைப் பற்றி, அந்த ஊர்க்காரனாக நின்று பேச வேண்டிய சட்டத்தைப் பற்றி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதிகாரி பேனாவை மூடிக் காதில் குடைந்தார்.

“அந்த விமானம் கடைசியில என்ன ஆச்சு?”

“இன்னும் முடியலைங்க மாத்தயா. சீமையிலயே முடியல.”

“நிறுத்தணும்” என்றார் அதிகாரி சட்டென்று. “நம்ம ஆளுங்களும் ஜெட் வாங்கப் போறாங்களாம். அரிசிக் கூப்பன வெட்டிட்டு ஜெட்டா?” பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த உதவியாளர் தலையை நிமிர்த்தவும், அதிகாரி இருமி, முகத்தை மாற்றிக்கொண்டார்.

“சரி. இந்த ஆள் உட்கார்ற பெஞ்சுக்கு ஏத்த மாதிரி பேசுறவன்னு நீயே சொல்ற. அப்ப இங்க வந்து இலங்கைதான் என் நாடுன்னு இவன் சொல்றத மட்டும் நான் எப்பிடி நம்புறது? இதுவும் ஒரு பெஞ்சுதானே?”

நியாயமான கேள்வி.

“ஒன் அபிப்பிராயத்தச் சொல்லு” என்றார் அதிகாரி அவரைப் பார்த்து.

“நான் அபிப்பிராயம் சொல்றதில்லைங்க மாத்தயா.”

முடிந்தது என்று நினைத்தேன். நான் அழுதுவிடக் கூடாதே என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி ஃபைலை மூடப் போனார்.

“ஆனா ஒண்ணு நடந்துச்சுங்க” என்றார் சபாநாயகர். “ஒரு ஞாயித்துக்கிழம, தோட்டத்து சனம் அக்கரைக்கிப் போறதா, இங்கயே இருக்குறதான்னு வாதம் வச்சேன். போகணுங்கிற பெஞ்சுல இவனுக்கு எடம் விழுந்துச்சு. இவன் எதுவும் பேசுவானுங்க. ரசியாக்காரனா நிப்பான், வெள்ளக்காரனா நிப்பான். அன்னைக்கி எந்திரிச்சான். வாயத் தொறந்தான். மூடுனான். ‘வண்டிக்குத் தண்ணி ஊத்தணும்’னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டான். லொறி அன்னைக்கிக் கண்டியில நிக்குது, கடையில எல்லாருக்கும் தெரியும். யாரும் சிரிக்கல.”

இதுவரைக்கும் இந்தச் சம்பவத்தை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கடையில் நான் பேச முடியாமல் எழுந்து போனது அந்த ஒரு நாள்தான். அதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அவர் கச்சேரியில் சொல்லிவிட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சபாநாயகர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “இவன் இந்த ஊர்க்காரன் மாத்தயா” என்று சொல்லி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல வலது கையை மேலே தூக்கினார். “இது என் ஓட்டு.”

தூக்கிய கையை இறக்கவில்லை. அதிகாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பாஸ்போர்ட்டைக் கேட்கப் போகிறார் என்று நான் பயந்தேன். கேட்கவில்லை. பேனாவைத் திறந்து எதையோ எழுதி, உதவியாளரிடம் தள்ளினார்.

“ஆட்சேபம் தள்ளுபடி. பத்திரம் தபால்ல வரும். நீ கையை எறக்குப்பா.”

வெளியே வந்து கச்சேரிப் படியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பசி தெரிந்தது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த பசி. எதிர்க்கடையில் ரோஸ் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வாங்கி இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி சாப்பிட்டோம். என்னுடையதைத் தின்று முடித்து, அவருடையதில் பாதியையும் தின்றேன்.

“அண்ணே, அந்தாளு ஒங்க பாஸ்போட்டக் கேட்டிருந்தா?” என்றேன்.

“கேக்கலையே” என்றார்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“கேக்கலையேடா!”

சொன்னவர் சிரிக்கத் தொடங்கினார். கடையில் எத்தனையோ வேடிக்கை நடந்திருக்கிறது, அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று அடக்கிக்கொள்வாராக்கும். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வாயில் பாண் துண்டோடு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. நானுஓயா வழியாக எங்கள் ஊருக்குப் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறோம் என்று நினைத்து ஏற்றாமலே போய்விட்டான். அடுத்த பஸ் வரும்வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம்.